ஊமைப் பேய்க்குக் குரல் வந்த மதியம்

ஒன்பது வயதுவரை எனக்குப் பேய்ப்படம் என்றால் பயமே கிடையாது. அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி, அதை ஒட்டிய அறையில் இரண்டு விசைத்தறிகள். நடுவே கதவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் பேய்ப்படம் ஓடும். உள்ளே அம்மா தறி ஓட்டிக்கொண்டிருப்பாள். வெள்ளைச்சேலைக்காரி கிணற்றிலிருந்து ஏறி வருவாள், வாயைத் திறப்பாள், மூடுவாள். எனக்குக் கேட்பதெல்லாம் தறியின் டடக் டடக்தான். சங்கரன்கோவிலில் பாதித் தெருக்களில் அப்படித்தான் படம் பார்த்தோம். மற்றவர்கள் பேசுவதை உதட்டை வைத்து ஊகித்துக்கொள்வேன். பேய் மட்டும் பிறவி ஊமை என்று நினைத்திருந்தேன்.

பேய்ப்படம் ஓடும் நாளில் அம்மா நெய்த துணியில் இழை அறுந்து விட்டுப்போன இடங்கள் கூடுதலாக இருக்கும். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

புளியங்குடியில் இருந்த பெரியம்மா மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். பார்த்தாலோ உயிர் போகிற பயம். "பேய் வரும்போது காதப் பொத்திக்கிடுவேன்," என்பாள். பயந்தால் கண்ணைத்தானே மூட வேண்டும்? இவள் ஏன் காதைப் பொத்துகிறாள்? எனக்கு விளங்கவே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று வாய்க்கு வாய் கேலி செய்தேன்.

"ஆடித்தவசுக்கு வாரேம்லா, சேந்து பாப்போம். மொதல்ல எந்திரிச்சு ஓடுதவதான் பயந்தாங்கொள்ளி, என்னட்டி?" என்றாள்.

"சரி அக்கா" என்று தலையை ஆட்டினேன். தோற்றால் அந்தப் பட்டம் ஆயுசுக்கும் என்னுடையது.

தவசுத் திருவிழா அன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. அது என் புத்தியில் உறைக்கவே இல்லை. சாயங்காலம் சாமி அம்மனுக்குக் காட்சி கொடுப்பதைப் பார்க்கப் போக வேண்டும் என்று, மதியம் சாப்பிட்ட கையோடு உறவுகள் எல்லாம் கூடத்தில் அசந்து கிடந்தார்கள். நாங்கள் இருவரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் ஏற்கெனவே நாலைந்து தடவை பார்த்த படம்தான்.

படத்தில் ஒரு கதவு கிரீச்சென்றது. நான் திரும்பி எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தேன். யாரோ மூச்சு விட்டார்கள்; அது என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. ஒன்றுமே நடக்காத இடத்தில்கூட ஏதோ ஒரு வாத்தியம் முனகியது. இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது? பயத்தைவிட ஆச்சரியம்தான் அப்போது பெரிதாக இருந்தது. வெள்ளைச்சேலைக்காரி கிணற்றிலிருந்து ஏறினாள். பழகிய முகம்தானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் வாயைத் திறந்தாள்.

அவளுக்குக் குரல் இருந்தது.

பக்கத்தில் அக்கா காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்து, சந்தோஷமாக நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஓடினேன். வாசலுக்கு அல்ல, தறிக்கு. சுவிட்சைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தேன். டடக் டடக் டடக். எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

தூங்கியவர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். "தவசன்னைக்கு எவட்டி தறியப் போட்டது?" என்று பெரியப்பா கத்தினார். "ஓடிட்டா! ஓடிட்டா!" என்று அக்கா கைதட்டிக் குதித்தாள். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். அடி நிச்சயம் என்று நான் முதுகைத் தயாராக வைத்திருந்தேன்.

அடி விழவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலாக டிவியைப் பார்த்தாள். தறிச் சத்தத்தில் பேய் மறுபடி ஊமையாகியிருந்தது. என் பயம் தெளிந்தது. தெளிந்த மறுநிமிடமே அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க ஆசை வந்தது. வெட்கமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"தறிய நிறுத்தும்மா."

அம்மாவின் கை வியர்த்திருந்தது. பிடி இறுகியது.

"கொஞ்சம் பொறுட்டி. அவ கெணத்துக்குள்ள போயிரட்டும்."