பேய்ப் படத்துக்கு ஒரு பெர்மிட்

என் தங்கைக்குப் பதினெட்டு ஆக இன்னும் நாலு மாதம் இருந்தது. பெரியவர்களுக்கான பேய்ப் படம் ஒன்றை அவள் பார்க்கலாமா என்ற கேள்வி வீட்டில் வந்தபோது, அம்மா அதை என் தலையில் கட்டினாள்.

“ஏளா, ஆளுவ உள்ள போலாமா வேண்டாமான்னு ஹார்பர்ல நீதான கையெழுத்துப் போடுத. இதுக்கும் நீயே போடு.”

உண்மைதான். நான் துறைமுகத்தில் பாதுகாப்புப் பொறியாளர். கப்பலின் மூடிய தொட்டிக்குள் யாராவது இறங்க வேண்டுமென்றால், மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்தில் காற்றைச் சோதிப்பேன். வாசலில் காவலுக்கு ஒருவரை நிறுத்துவேன். உள்ளே இருப்பவரைக் கவனிப்பதைத் தவிர அவர் வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பெர்மிட்டில் என் கையெழுத்து.

தங்கையின் தோழிகள் நாலு பேர் அடுத்த சனிக்கிழமை திரேஸ்புரத்தில் ஒருத்தி வீட்டில் கூடி அந்தப் படத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. போன வருடம் அதே வீட்டில் இதைவிடச் சாதுவான பேய்ப் படம் ஒன்று ஓடியது. பாதியில் இவள் வயிற்று வலி என்று எனக்குப் போன் செய்து, என் ஸ்கூட்டரில் ஏறி வந்துவிட்டாள். வயிறு வலிக்கவில்லை என்பது நாலு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வகுப்பில் எவள் எதற்குப் பயந்தாலும், எல்லாரும் இவளைத் திரும்பிப் பார்த்து, “வயிறு வலிக்கா?” என்று கேட்பார்களாம். மறுபடி பாதியில் எழுந்து வந்தால் பள்ளி முடியும்வரை அந்தக் கேள்வி ஓயாது. போகாமலே இருந்தாலும் ஓயாது.

முதலில் நான் தனியாகப் படத்தைப் பார்த்து ஆபத்துப் பட்டியல் தயாரித்தேன். எத்தனையாவது நிமிடம், என்ன ஆபத்து, தடுப்பு நடவடிக்கை என்று மூன்று கட்டங்கள். மொத்தம் இருபத்து மூன்று வரிசைகள். ஒன்பதாம் நிமிடம், பூனை பாயும், கண்ணை மூடிக்கொள்ளலாம். முப்பத்து மூன்றாம் நிமிடம், குழாயில் ரத்தம் வரும், தண்ணீர் பாட்டில் அருகில் இருக்கட்டும். கடைசி வரிசையில், கொலை செய்தது சித்திதான் என்று தெரியவரும், அதிர்ச்சி, முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று தங்கையிடம் நீட்டினேன். அவள் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிவரை நிதானமாகப் படித்தாள்.

“அக்கா, சித்திதான் கொன்னான்னு நீயே எழுதிட்ட. இனி நான் எதுக்குப் படம் பாக்கணும்?”

இருக்கிற ஆபத்தை மறைப்பது விதிமீறல் என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா, எந்தச் சித்தி, யாரைக் கொன்றாள் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே சோதனை ஓட்டம். தங்கை பாயில் உட்கார்ந்தாள். நான் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூனைக்கு அவள் இமைக்கவில்லை. ரத்தக் குழாய்க்குக் காராச்சேவு தின்றாள். “இப்ப கதவு அடிக்கும் பாரு” என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். கேள்வித்தாளைப் பரீட்சைக்கு முன்பே கொடுத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐம்பத்தெட்டாம் நிமிடம் என் பட்டியலில் இல்லை. அதில் ரத்தமோ சத்தமோ கிடையாது. கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு ஒரு தாய் தலை வாரிவிடுகிறாள், அவ்வளவுதான். வாரிக்கொண்டே இருக்கிறாள். தங்கையின் கை காராச்சேவுத் தட்டிலேயே நின்றுவிட்டது. கால் விரல்கள் மடங்கின. வயிறு வலிக்கிறது என்று சொல்லப்போகிறாள், கையெழுத்துப் போட முடியாது என்று நான் முடிவுக்கு வந்துவிட்டேன்.

“அக்கா, நிறுத்து. இது எனக்கு ஒருமாதிரி இருக்கு.”

நிறுத்தினேன். அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள். அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி நெத்திலி ஆய்ந்து கொடுத்தாள். திரும்பி வந்து, “போடு” என்றாள். சித்தி பிடிபடும்வரை பார்த்து முடித்தாள்.

தொட்டிக்குள் இறங்க வருகிறவர்களில், எனக்கு எதுவும் ஆகாது என்று நெஞ்சை நிமிர்த்துபவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. தலை லேசாகச் சுற்றுகிறது என்று சொல்லி ஏணியில் ஏறி வந்துவிடுபவரை மறுபடி உள்ளே அனுப்ப யோசிக்க மாட்டேன். தங்கையின் தாளில் கையெழுத்துப் போட்டேன். கீழே மூன்று நிபந்தனைகள். பிடிக்காவிட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டும், வயிற்று வலி என்று சாக்குச் சொல்லக் கூடாது. சித்தி விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. படம் முடியும்வரை நான் அந்த வீட்டு வாசலில் நிற்பேன். மூன்றாவதை அவள் அடித்துவிட்டாள்.

“நீ அங்கன வந்து நின்னா நான் செத்தேன்.”

சனிக்கிழமை மதியம் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தங்கையிடமிருந்து செய்தி வந்தது. “நிறுத்தச் சொல்லிட்டேன்.”

அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். செருப்பு மாட்டும்போது அடுத்த செய்தி வந்தது.

“நாலு பேரும் ஒண்ணா பாத்ரூம் போயிருக்காளுவ. தனியா போகப் பயமாம். நான் வெளிய காவல் நிக்கேன்.”

காவல் நிற்பவர் போன் பார்க்கக் கூடாது என்று பதில் அனுப்பிவிட்டு, சாவியை ஆணியில் திரும்ப மாட்டினேன்.