மாமாவின் உலக சாதனை வகுப்பு

என் மாமா ஆங்கிலத்தை இஞ்சு டேப் வைத்துக் கற்றுக்கொடுத்தவர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பம்புசெட் சாமான் விற்கிற கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் இருந்தது. முன்பக்கம் வகுப்பு, பின்பக்கம் இரண்டு அறைகளில் மாமாவும் அத்தையும் குடியிருந்த வீடு. மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. தொண்ணூறுகளின் கடைசியில், ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன்.

சாயங்கால வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். உரக்கடையில் பில் போடுகிற அண்ணன், தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை முடிந்து நேராக வருகிற நர்ஸ் அக்கா, மருந்துக் கம்பெனி வேலைக்கு ஆசைப்பட்ட நாலைந்து பையன்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு இலக்கணம் என்றதும் கண் சொருகிவிடும். அதற்கு மாமா கண்டுபிடித்த மருந்துதான் உலக சாதனை. உலகத்திலேயே உயரமான மனிதன், நீளமான நகம் வளர்த்தவர், கனமான பூசணிக்காய் என்று பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டிச் சுவர் முழுக்க ஒட்டிவைத்திருந்தார். அதைக் காட்டிப் பேசத் தொடங்கினால் உரக்கடை அண்ணன்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு இஞ்சு டேப்பைக் கையில் கொடுத்து ஒருவரை ஒருவர் அளக்கச் சொல்வார். இவர் அவரைவிட உயரம், இவர்தான் எல்லாரையும்விடக் குண்டு, இந்த பெஞ்சும் அந்த பெஞ்சும் ஒரே நீளம். இந்த மூன்று வகை வாக்கியங்களும் நாக்கில் ஏறும்வரை விடமாட்டார். வகுப்பே சிரித்துக் கிடக்கும்.

மாமா எல்லாரையும் சிரிக்கவைப்பார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். தினமும் வகுப்பு முடிந்ததும் என்னைக் கீழே கூட்டிப்போய்ப் பன்பட்டர்ஜாம் வாங்கித் தருவார். கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த நான், பெரியவர்களுக்கு முன்பே அந்த வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டேன். மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தையல்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு மஞ்சள் டேப்பை எனக்கே எனக்கென்று வாங்கிக் கொடுத்து, “வீட்ல என்னென்ன இருக்கோ அம்புட்டையும் அளந்து இங்கிலீஷ்ல சொல்லு பாப்பா” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்ச்சாரியில் ஏசி போட்ட புதிய சென்டர் ஒன்று திறந்தது. மாமாவின் பெஞ்சுகள் காலியாக ஆரம்பித்தன. மாமா சிரிப்பது வகுப்பில் மட்டும் என்று ஆயிற்று. ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சென்டரின் ஆண்டு விழாவில், ஐந்தாம் வகுப்பு முடித்த தமிழ் மீடியம் சிறுமி, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசுவாள். சொன்ன வாக்கியத்தைத் திரும்பச் சொல்லக்கூடாது. நடுவில் நின்றால் மாமா விரல்விட்டு எண்ணுவார். ஐந்து விரலும் விரிந்துவிட்டால் தோல்வி. இது என்ன சாதனை, யார் இதைப் பதிவு செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நோட்டீஸில் ‘சாதனை முயற்சி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு ஒரு கப்பும் வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார். வெள்ளி மாதிரி மின்னுகிற, இரண்டு காது வைத்த கப்பு.

எனக்கு வாக்கியங்கள் வேண்டியிருந்தன. டேப்பும் கையுமாக வீட்டைச் சுற்றிவந்தேன். பீரோ கதவைவிட உயரம். குக்கர் தவலையைவிடச் சின்னது. ஆணியில் தொங்கிய மாமாவின் சட்டை, பேன்ட், பெல்ட் எதையும் விடவில்லை. ஒரு மத்தியானம் அத்தை ரவிக்கையைத் தளர்த்தி முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிவிடச் சொன்னாள். அங்கே குறுக்காக ஒரு நீலத் தடம் கன்றிப்போயிருந்தது. முழங்கைக்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே மஞ்சளாகிப்போன பழையது ஒன்று.

“எப்படி அத்தை?” என்றேன்.

“பீரோக் கதவு இடிச்சுருச்சு கண்ணு” என்றாள். அத்தை பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரி. எதைச் சொன்னாலும் மெதுவாகத்தான் சொல்வாள்.

நான் டேப்பை வைத்து அளந்தேன். தையல்காரரிடம் அளவு கொடுப்பதுபோல அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புதிய வாக்கியங்கள் கிடைத்த சந்தோஷத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விழா அன்று வகுப்பறையில் பெஞ்சுகளை அகற்றி, வாடகை நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். மாணவர்கள் தங்கள் வீட்டாரோடு வந்திருந்தார்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். அப்பா தக்காளி பறிப்பை விட்டுவிட்டு வரமுடியவில்லை. நெய்க்காரப்பட்டியிலிருந்து அத்தையின் அப்பா ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கியிருந்தார். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலப் பேராசிரியர். அந்த வெக்கையிலும் அத்தை முழங்கை மறைய ரவிக்கை போட்டு, இரண்டாவது வரிசையில் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மாமா ஸ்டாப் வாட்சை அமுக்கினார். மலைகள், நதிகள், திமிங்கிலம், ஒட்டகச்சிவிங்கி என்று சுவரில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். பிறகு சிறுமலையைவிடக் கொடைக்கானல் உயரம் என்றேன். எங்கள் ஊர்ப் பனையைவிட மலைக்கோட்டை உயரம் என்றேன். கைதட்டல் எழுந்தபோதெல்லாம் மாமா கையமர்த்தினார். கைதட்டலில் நான் நின்றுவிடுவேனோ என்ற பயம் அவருக்கு. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாதி நேரம் தாண்டியிருக்கும். தொண்டை வறண்டது. தலைக்குள் எதுவுமே இல்லை.

மாமாவின் முதல் விரல் விரிந்தது. இரண்டாவது விரிந்தது. கூட்டத்தில் யாரோ “அடடா” என்றார்கள். மூன்றாவது விரலும் விரிந்தபோது, கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஃபேன் அந்த ஃபேனைவிட வேகம். உரக்கடை அண்ணன் நர்ஸ் அக்காவைவிடக் கனம். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவின் விரல்கள் மடங்கின. பேராசிரியரின் கண்ணாடி, அத்தையின் அப்பாவுடைய மீசை என்று வரிசையாக வந்து, அத்தையைப் பார்த்தேன். அளந்துவைத்த வாக்கியங்கள் நினைவுக்கு வந்தன.

என் அத்தை கையில் ஒரு நீலத் தடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது என் சுண்டுவிரலைவிட நீளம். அதற்கு மேலே இருப்பது அதைவிடப் பழையது. முதுகில் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதன் அகலமும் என் மாமாவின் பெல்ட் அகலமும் ஒன்று.

ஆங்கிலம் புரியாத வீட்டார் எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். ஆனால் மாணவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மற்ற ஆங்கிலம் அவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ, இந்த ஒப்பீடுகள் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. மாமா அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மாமா வாட்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “போதும் பாப்பா. சூப்பர்.”

“இன்னும் டைம் இருக்கே மாமா” என்றேன், மைக்கிலேயே.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் அக்கா எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து அத்தையின் முன்னால் நின்றாள். “அக்கா, அந்தக் கையச் செத்த காட்டுங்க” என்றாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பேசுவாள் போல.

“சின்னப்புள்ள என்னமோ உளறுது, நீ போய் உக்காரும்மா” என்றார் மாமா.

அப்போது உரக்கடை அண்ணன் வாய்திறந்தார். வகுப்பில் கேட்டாலொழியப் பேசாதவர். “உளறல சார். தப்பில்லாமத்தான் சொல்லுச்சு.”

அத்தையின் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “ஏனுங்க, பாப்பா என்ன சொல்லுச்சுங்க? ஏனுங்க எல்லாரும் இப்படி நிக்கறீங்க?” என்று கேட்டார். மாமா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

அத்தையும் அவரைப் பார்த்தாள். நர்ஸ் அக்கா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நெடுநேரம் கழித்து என்றுதான் எனக்கு நினைவு, ஆனால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அத்தை ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். நர்ஸ் அக்காவுக்குக் காட்டவில்லை. திரும்பித் தன் அப்பாவிடம் காட்டினாள்.

“பீரோவுல இடிச்சுக்கிட்டா மாமா, அதப் போயி...” என்று மாமா தன் மாமனாரிடம் ஆரம்பித்தார்.

“பீரோ இல்லீங்கப்பா” என்றாள் அத்தை.

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பெரியவர் கத்துவார், மாமாவை அடித்துவிடுவார் என்று நினைத்துத் தூணோடு ஒட்டிக்கொண்டேன். அவர் மகளின் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு ரவிக்கைக் கையை அவரே இறக்கிவிட்டார். “கெளம்பு சாமி. பளனி பஸ் நிக்கும்” என்றார். மாமா இரண்டு அடி முன்னால் வந்தார். உரக்கடை அண்ணன் எழுந்து நடுவில் நின்றார். மருந்துக் கம்பெனிப் பையன்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மாமா நின்றுவிட்டார். அத்தை போகும்போது என்னிடம் வந்து, முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஒரு பைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மேலே படித்து, பழனிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறாள் என்று பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். மாமாவின் சென்டர் அந்த லீவு முடிவதற்குள் பூட்டிக்கொண்டது.

அன்றைக்கு எனக்கு இருந்த துக்கம் வேறு. கப்பை யாரும் எடுத்துத் தரவில்லை. அது மேஜைமேலேயே இருந்தது. நான் அதைக் காட்டி அழ, அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது.

பிறகு கேட்டாள். “அங்க மைக்குல என்னாத்தா சொன்ன?”

சுண்டுவிரல், பழைய தடம், முதுகு, பெல்ட் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தம்பியைப் பற்றி ஊரில் யார் ஒரு சொல் சொன்னாலும் சண்டைக்குப் போகிறவள் என் அம்மா. அப்படி ஒரு பொய்யை எங்கே கற்றாய் என்று அடிப்பாள் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் அடிக்கவில்லை.

“முதுகுலயுமா?” என்றாள்.

“ஆமா.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பீரோக் கதவு இடித்தது என்று அத்தை என்னிடம் சொன்னதையும் சொன்னேன். நிஜமாகவா என்று மட்டும் அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. தம்பிக்காகச் சண்டைக்குப் போகிறவள் அதை ஏன் கேட்கவில்லை என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அடி விழாத நிம்மதியில் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.