கண் கழுவும் நேரம்

கொரட்டூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு அவர்களுக்கு எதிரே நடந்து வர வேண்டும். ராசியான முகமாம். நானும் வாயெல்லாம் பல்லாகப் போய் நிற்பேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பிறகு வலது கண்ணுக்குள் புற்றுநோய் வந்தது. உயிர் வேண்டுமென்றால் கண்ணை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். சில வாரம் கழித்து, இடது கண்ணைப் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டிய செயற்கைக் கண்ணைப் பொருத்தினார்கள். வந்தவர்கள் எல்லோரும் "தெரியவே இல்ல" என்றார்கள். தெரியாவிட்டால் எதற்கு அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தார்களோ.

எதிர்வீட்டுக்காரி தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று காலையில் வந்து கதவைத் தட்டினாள். பழைய நினைப்பில் நான் குடத்தை எடுக்கத் திரும்பினேன்.

"அக்கா, நாங்க கெளம்பிகினு கீறோம். ஒரு பத்து நிமிசம் கதவ சாத்திகினு உள்ளயே இரேன். தப்பா நென்ச்சிக்காத."

சாத்திக்கொண்டேன். செருப்புச் சத்தம் அடங்கும்வரை, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி கதவுக்குப் பின்னால் நின்றேன். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என் மகள்தான் கொதித்தாள். "இந்தக் காலத்துல பண்ற வேலையா இது? இனிமே அவங்களோட பேசினே, நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்றாள். ஊரே கதவைச் சாத்தச் சொல்லட்டும், இவள் ஒருத்தி போதும் என்று நினைத்தேன்.

அவளுக்கு மூன்று இன்டர்வியூ கைநழுவிப் போயின. நாலாவதற்குக் கிளம்பிய அன்று, யாரும் கூப்பிடாமலே குடத்தோடு வாசலில் போய் நின்றேன். என் மகளுக்கு எதிரே நான் வராமல் வேறு யார் வருவது? பையை மாட்டிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, கண்ல பீளை கட்டியிருக்கு. போய்க் கழுவிட்டு வா."

பாத்ரூமுக்குள் போய்க் கண்ணைக் கழற்றினேன். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கிடைக்காமல் போயிருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். இப்போது தினமும் காலையில் அவள் ஷூ மாட்டும்போது, யாரும் சொல்லாமலே நான் கண் கழுவப் போய்விடுகிறேன்.