டயருக்குப் பூசிய ஆயில்

என் மனைவியால் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. சர்க்கரை வந்த பிறகு மணிக்கு ஒருமுறை அவளுக்குக் கழிப்பறை வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு பெண்ணுக்குக் கழிப்பறை கிடைக்கிற லட்சணத்தைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. பெட்ரோல் பங்க்கில் போய் சாவி கேட்க வேண்டும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். வந்து திறந்துவிட்டாலும், உள்ளே போனவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பி வருவாள். ஒருநாள் திருவள்ளூர் பஸ்ஸில் அவளால் அடக்க முடியாமல் போய்விட்டது. புடவை நனைந்து, முன் சீட்டைப் பிடித்தபடி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அதோடு சரி. புதுவாயலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆர்.கே.பேட்டையில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

ரயிலில் போகலாமே என்று சொல்லாதவர்கள் கிடையாது. ஓடுகிற ரயிலின் கழிப்பறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் அவள். அந்த யோசனையை யார் சொன்னாலும் கையைத் தூக்கிக் காட்டுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. ராஜமுந்திரி பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். இவள் வீட்டில் உட்கார்ந்து போனில் தாலி கட்டுவதைப் பார்த்தாள். அக்கா வாரம் இரண்டு தடவை போன் செய்வார். கடைசியில் எப்போதும் ஒரே பேச்சுதான். “ஒரு வாட்டி வந்துட்டுப் போடி.” இவளும் ஒரே பதில்தான் சொல்வாள். “வர்றேன்க்கா.”

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு டிரெய்லர் செய்யச் சொன்னேன். எங்கள் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. வெறும் காரில் போனாலும் வழியில் அதே சாவி, அதே நாற்றம்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் கம்பெனிகளுக்கு இரும்புக் கூண்டு, காவலாளி அறை எல்லாம் செய்து தருகிற ஒரு பட்டறையில் கொடுத்தேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, முக்கியமாக ஒரு கழிப்பறை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவள் நேரே கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“நம்மளுதுங்க. இதுக்கு யாரையும் சாவி கேக்க வேணாம்” என்றாள்.

இந்த இடத்தில் நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. இரண்டரை வருடம் கிளம்பவில்லை. காரணம் டயர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் முப்பது வருடம் ரப்பர் வாஷரும் சீலும் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன். அந்த வேலையைப் பற்றி வெளியே தெரியாத ஒரு சங்கதி உண்டு. தள்ளிவிட்ட பொருளுக்காக எந்த இன்ஸ்பெக்டரும் மெமோ வாங்கியதில்லை. சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய பொருள் திரும்பி வந்தால்தான் வாங்குவான். நான் ஒரே ஒருமுறை வாங்கினேன். அதற்குப் பிறகு என் மேஜைக்கு வந்த எதையும் சந்தேகத்தோடுதான் தொட்டேன். முதலாளி மெச்சிக்கொண்டார், கூட வேலை செய்தவர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள்.

பட்டறைக்காரர் போட்டுக் கொடுத்தவை சாதாரணக் கார் டயர்கள். அவற்றைக் கழற்றச் சொன்னதில் தவறே இல்லை, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். டிரெய்லர் டயர் ஓட்டுவதும் இல்லை, திருப்புவதும் இல்லை. சுமக்கிறது, அவ்வளவுதான். வளைவில் மொத்த எடையும் பக்கவாட்டுச் சுவரில் வந்து உட்காரும். தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் எங்கள் வண்டி ஒன்றேகால் டன். இருப்பதோ இரண்டே சக்கரம். எவ்வளவு எடை தாங்கும் என்று டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு எண் போட்டிருக்கும். அந்த எண் எங்கள் வண்டிக்கு எட்டவில்லை. சின்னச் சரக்கு வண்டிகளுக்குப் போடுகிற கெட்டியான டயர்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு ஜோடியை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்கிற நான்கு எண்கள் அவை கடையிலேயே இரண்டு வருடம் கிடந்தவை என்றன. திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஜோடியில் ஒன்று ஒரு கம்பெனி, இன்னொன்று வேறு கம்பெனி. அதையும் திருப்பினேன். கடைசியில் மாசு மருவில்லாத ஒரு ஜோடி கிடைத்து, போட்டும் ஆயிற்று. அப்புறம் கத்திரி வெயில், தார் கொதிக்கிறது என்றேன். அப்புறம் மழை. அப்புறம் கார் கொக்கி லேசாக ஆடுவதுபோல் தோன்றியது. உண்மையில், அந்தப் பெரிய பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே அறுநூறு கிலோமீட்டர் போக எனக்குப் பயமாக இருந்தது. ஏதாவது வெடித்தால் அது நான் சரியென்று சொன்ன டயராக இருக்கும். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அறுபது வயது ஆணுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராது.

அவள் என்னை நம்பினாள். அதுதான் பெரிய பேஜாரு. மத்தியானம் வீட்டு வேலை முடிந்ததும் டிரெய்லருக்குள் போய் ஜன்னலைத் திறந்துவைத்து உட்காருவாள். ஜன்னலுக்கு எதிரே நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டு மதில்சுவர். சிமெண்டு பூசாத செங்கல். அந்தச் சுவரைப் பார்த்தபடி அக்காவோடு போனில் பேசுவாள். தகரக் கூரை, உள்ளே அனல். வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பாள். நான் வீட்டு ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு எதிரே அந்தச் சுவர், எனக்கு எதிரே அவள்.

முதல் வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அன்றைக்கு டிரைவர்கள் வாசலில் லாரிகளை வரிசையாக நிறுத்தி, டயர்களைப் பழைய இன்ஜின் ஆயிலில் நனைத்த துணியால் துடைப்பார்கள். கன்னங்கரேலென்று மின்னும். அதன் மேல் சந்தனம், குங்குமம். இவள் அதை வருடா வருடம் பார்த்தவள். மெக்கானிக் கடையிலிருந்து ஒரு டப்பா கழிவு ஆயில் வாங்கிவந்து, மணை போட்டு உட்கார்ந்து, இரண்டு டயர்களையும் ஸ்டெப்னியையும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கம்பெனில இப்படித்தான பூசுவாங்க? பாருங்க, இன்னாமா மின்னுது” என்றாள்.

என் வேலையில் ஒரு சோதனை உண்டு. ரப்பர் துண்டை ஆயில் ஜாடிக்குள் போட்டுச் சூட்டில் வைப்போம். சில நாள் கழித்து எடுத்து, எவ்வளவு உப்பியிருக்கிறது, எவ்வளவு இளகியிருக்கிறது என்று அளப்போம். ஆயிலுக்கென்றே செய்த ரப்பர் தாங்கும். டயர் ரப்பர் தாங்காது. இதை நான் ஆயிரம் தடவை என் கையால் செய்திருக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் நிமிர்ந்து, “பூசை முடிஞ்சிட்ச்சினா அடுத்த மாசம் அக்கா ஊட்டுக்குப் போலாமா?” என்று கேட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, டயருக்கு ஆயில் பூசினாள். முழங்கால் வலியோடு குனிந்து, டயரின் உள்பக்கம்கூட விடாமல் பூசினாள். ஒவ்வொரு தடவையும் நான் வாசலில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கெட்டுப்போகட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கெட்டுப்போனால் வேறு டயர் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

போன மாசி மாதம், காலை நாஷ்டா நேரத்தில் அக்கா மகன் போன் செய்தான். அக்காவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் பேச்சு போய்விட்டது. மனைவி போனை வைத்தாள். அழவில்லை. தட்டில் இருந்த இட்லியை மூடிவைத்தாள்.

“இன்னிக்கே கெளம்பறோம்” என்றாள்.

“டயரை ஒரு வாட்டி...” என்றேன்.

“போற வழியில கடையில காட்டிக்கலாம். வண்டியை எடுங்க.”

புதுவாயல் கூட்டு ரோட்டில் இருக்கிற டயர் கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் நாற்பது வயது இருக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினார். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து டயரின் பக்கவாட்டைத் தேய்த்தார். கருப்பு மினுமினுப்பு போனதும் உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகத்தின் தடம் அப்படியே நின்றது.

“ரோட்ல படற பட்டன் புத்சா கீது, சைடு டீயில போட்ட பிஸ்கோத்து மாறி கீது. யாரு சார் இதுக்கு ஆயில் பூசுனது?”

“நான்தாம்பா. அமாவாசைக்கு அமாவாசை பூசுவேன், நல்லதுன்னு” என்றாள் என் மனைவி. அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“அய்ய, ஆயிலு ரப்பரத் துன்னுடும்க்கா. இதுல ரோட்டுக்குப் போயிருந்தீங்கன்னா நாயுடுபேட்ட தாண்டியிருக்காது. சார் ஒண்ணும் சொல்லலியா? சாரு எங்க வேல செஞ்சாரு?”

“ரப்பர் கம்பெனில.”

கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். காற்று பிடிக்கிற குழாயைச் சுருட்டுவதுபோல் அந்தப் பக்கம் போனார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

கம்பெனி ரப்பர் வேறு, டயர் ரப்பர் வேறு, எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் கையில் ஆயில் கறை இன்னும் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அமாவாசை.

“தெரியும்” என்றேன்.

“எப்பத்துலருந்து?”

“மொதநாள்லருந்தே.”

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

“தம்பி, டயரு எப்படிப் பாக்கறதுன்னு எனக்குச் சொல்லுங்க. அவரு வேணாம்.”

அவர் சொன்னார். எடை எண் எங்கே இருக்கும், வருடம் எங்கே இருக்கும், ஜோடி ஒரே மாதிரி இருக்க வேண்டும், டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும். “நிக்கற எடத்துலல்லாம் எறங்கி டயரு மேல கைய வச்சிப் பாருக்கா. கை தாங்குனா ஓட்டு. சுட்டுச்சினா நிழலா நிறுத்திடு” என்றார். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுக்கியிருந்த டயர்களின் எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். ஸ்டெப்னியோடு சேர்த்து மூன்றைத் தொட்டுக் காட்டினாள். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம் ஆகியிருக்காது. நான் ஓரமாக நின்று, திருட்டுத்தனமாக அவற்றில் ஒரு குறையாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஓட்டுவதற்கு மட்டும் நான் தேவைப்பட்டேன். பகலில் ஓட்டினோம், பொழுது சாய்ந்ததும் ஒரு தாபா ஓரமாக நிறுத்தித் தூங்கினோம், விடிந்ததும் மறுபடி கிளம்பினோம். லாரிகள் உரசுவதுபோல் போனபோதெல்லாம் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. முதலில் சூளூர்பேட்டையில் நிறுத்தினேன். டயரைப் பார்க்கக் கதவைத் திறந்தேன்.

“நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

டிரெய்லர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, சுற்றிப் போய், இரண்டு டயர்களிலும் கையை வைத்துப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து, “போங்க” என்றாள். வழி முழுக்க, நின்ற இடத்திலெல்லாம் அப்படித்தான். கல்யாணமான இந்த முப்பது வருடத்தில் வீட்டில் ஒரு தேங்காய் வாங்கினால்கூட, “நல்லா கீதா பாருங்க” என்று என்னிடம் நீட்டுவாள். அந்த அறுநூறு கிலோமீட்டரில் என்னிடம் எதையும் கேட்கவில்லை. காருக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு மூச்சு முட்டியது. இறங்கி எங்கே போவது?

மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. வார்த்தையாக வரவில்லை. இவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் கதவருகிலேயே நின்றேன்.

அக்கா, அசைகிற இடது கையை விரித்து, ஏன் என்பதுபோல் திருப்பிக் காட்டினார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். அங்கிருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. அவள் என்னைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன்.

“என்னாலதான்க்கா” என்றாள். “அவரு எப்பயோ ரெடி. வண்டி, டயரு எல்லாத்தயும் பாத்துப் பாத்து வாங்கி வச்சாரு. நான்தான் பயந்துகினு கெளம்பல.”

அக்கா கதவுப் பக்கம் திரும்பினார். கோணிப்போன வாயோடு சிரித்து, அந்த ஒற்றைக் கையை நெற்றிவரை தூக்கி எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

நானும் கைகூப்பினேன். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை.