நடுக்கடலில் மாறிய ஆறு எண்கள்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். காசிமேட்டிலிருந்து விசைப்படகு ஓட்டுகிறேன். ஒருமுறை போனால் எட்டு, பத்து நாள் கடல்தான். திரும்பும்போது கரை கண்ணில் படும் முன்பே போனில் டவர் பிடித்துவிடும். உடனே இணையத்தில் என் பக்கத்தில் லைவ் போட்டு, படகில் இருக்கும் ஒவ்வொரு முகமாகக் காட்டுவேன். ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பார்கள்.

அப்படி ஒரு லைவ் முடித்து, ஹார்பரில் படகைக் கட்டும்போது ஓர் அறிவிப்பு வந்தது. யாரோ வேறு போனிலிருந்து என் கணக்கைத் திறந்திருக்கிறார்கள். நான் கேள்விப்படாத ஊர். சும்மாவே பயந்து சாகிற ஆள் நான். உள்ளே புகுந்தவன் இன்னும் எதுவும் எழுதவில்லை. ஆனால் அடுத்த முறை நாங்கள் டவர் இல்லாத கடலில் இருக்கும்போது, 'படகு கவிழ்ந்துவிட்டது, உதவி வேண்டும்' என்று என் பக்கத்தில் ஒரு வரி போட்டால்? நான்தான் எழுதினேன் என்று அந்தப் பெண்கள் நம்புவார்கள்.

மீன் இறக்கக்கூட நிற்காமல், என்னைக் கூட்டிப்போக வந்த மனைவியோடு டோல்கேட்டில் எங்களுக்குத் தெரிந்த செல்போன் கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் என் வீடியோக்களை ஒரு நிமிடம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணா, கோச்சிக்காத. உன் பாஸ்வேர்ட நான் சொல்லட்டா?"

சொன்னாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

"எப்பிடிம்மா?"

"அதான் எல்லா வீடியோலயும் படகு மேல பெருசா தெரியுதே. போட்டு நம்பர் தான?"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா கீதுய்யா! சாவிய பூட்டு மேலயே தொங்க வுட்டு, அத்த வீடியோ வேற எடுத்து போட்டுகினு கீற."

"எல்லாரும் அதான்டீ வச்சிகீறானுங்க."

உண்மைதான். டீசலுக்கு, ஐஸுக்கு, கடலுக்குப் போக டோக்கனுக்கு என்று நாங்கள் அதிகம் எழுதுவது படகின் அந்தப் பதிவு நம்பரைத்தான். எழுத்தும் எண்ணும் கலந்தே இருக்கும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம்.

கடைக்காரப் பெண் அந்த வேற்று போனைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளினாள். புது பாஸ்வேர்டை என் மனைவி வைத்தாள். அதை இங்கேகூடச் சொல்ல மாட்டேன். பிறகு கடைக்காரப் பெண் என் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் காட்டினாள். அதில் ஆறு எண்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறின.

"இனிமே இந்த நம்பரும் இருந்தாதான் உள்ள போவ முடியும். எவன் கேட்டாலும் சொல்லாத."

"கடல்ல டவரு இருக்காதேம்மா. நம்பர் எப்பிடி வரும்?"

"எங்கிருந்தும் வராதுண்ணா, உன் போன்லயே உண்டாவும். உன் போனும் அந்த கம்பெனி கம்ப்யூட்டரும் ஒரு தபா ரகசியம் பேசி வச்சிகினாச்சு. அப்பால அது அது தன் கடிகாரத்தப் பாத்து ஒரே கணக்க போட்டுகினே கீது."

தலையாட்டினேன். நம்பவில்லை. அடுத்த முறை கிளம்பும்போது பயத்தில் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் படகேறினேன்.

மூன்றாம் நாள் பகல். நாலா பக்கமும் தண்ணீர். டவர் துளியும் இல்லை. ஆப்பைத் திறந்தேன். எண்கள் மாறின. மறுபடி மாறின. யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல்.

"இன்னா மாமு, லாட்டரி பாக்கறியா?" என்று வலை இழுக்கிறவன் கிண்டல் செய்தான். விஷயத்தைச் சொன்னதும் அவனும் குனிந்தான். ஒவ்வொருவராக வந்தார்கள். எந்த ஊரிலோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர், இதே நொடியில் இதே எண்களை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது.

ஒன்பதாம் நாள் திரும்பினோம். டவர் பிடித்தது. பாஸ்வேர்டை அடித்தேன், எண் கேட்டது. பாதி அடிப்பதற்குள் அது மாறிவிட்டது. விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு புதியதை அடித்தேன்.

திறந்துகொண்டது.

லைவ் போட்டு ஒவ்வொரு முகமாகக் காட்டினேன். கீழே முதலில் வந்தது என் மனைவி எழுதியது: "எண்ணிட்டேன். ஒம்போது பேரும் கீறீங்க. சீக்கிரம் வா."