பிரபுவின் ஷட்டர் சாவி

பிரபு, சனிக்கிழமை காலையில் உன் சாவியைக் கையில் எடுத்தேன்டா.

ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நீ போனதிலிருந்து யாரும் தொடவில்லை. அம்மா தினமும் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் காபி குடிக்கிறாள்... தொட மாட்டாள். நானும் தொடவில்லை. சனிக்கிழமை தொட வேண்டியதாகிவிட்டது.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் கொஞ்ச வாரமாக என்னைக் காணோம் என்று சில பேர் கேட்டீர்களாம். காரணம் பிரபு. என் கூடப் பிறந்தவன். ஒரே ஒரு வயசுதான் மூத்தவன் — அதனால் அண்ணா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. டெங்குக் காய்ச்சல். தன் டெம்போவைத் தானே ஓட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வந்தபோது வேறு யாரோ ஓட்டி வந்த வண்டியில் வந்தான்.

இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் கதவைத் தட்டியது சலீம். ஆட்டோ ஓட்டுகிறவன், பிரபுவோடு கேரம் ஆடுகிறவன். பிரபு போனபிறகு எங்கள் வாசல் வரைக்கும் வருவான், காய்கறி வாங்கிக் கொடுப்பான், உள்ளே மட்டும் வர மாட்டான். அன்றைக்கும் வாசலிலேயே நின்றான்.

“வனி, சென்டர் சாவி வேணும்.”

“எதுக்கு?”

“சாந்தி அக்கா வீட்டுக்காரர் போயிட்டாரு. ஆஸ்பத்திரில பாடியை வண்டில ஏத்தியாச்சு. வீட்டு ஓனர் உள்ள வெக்க நக்கோ, வேணாம்னு சொல்லிட்டான்.”

“ஃபிலோ அக்காகிட்ட ஒரு சாவி இருக்கே.”

“அக்கா பொம்மனஹள்ளிக்கு ஒரு வீட்டு விஷயம் பேசப் போயிருக்காங்க. ஓசூர் ரோடு ட்ராஃபிக் தெரியும்ல உனக்கு? அவங்க வர்றதுக்குள்ள பாடி வந்துரும்.”

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் சென்டரைத் தெரியாத வாடகைக்காரர்கள் இருக்க முடியாது. ஹார்டுவேர் கடையை ஒட்டி, ஷட்டர் போட்ட ஒரு ஹால். அவ்வளவுதான் சென்டர். ஓனர் திடீரென்று காலி பண்ணச் சொன்னால் சென்டரை நடத்துகிற ஃபிலோ அக்கா போய்ப் பேசி டைம் வாங்கித் தருவார். வேலை போன வீட்டுக்கு அரிசி பருப்பு போகும். சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன். டியூஷனுக்கு வராத பெரிய பசங்களுக்குக் கேரம். குட்கா பக்கம் போகிற கையை ஸ்ட்ரைக்கர் பக்கம் இழுப்பது பிரபுவின் வேலை. என்னையும் அங்கேதான் இழுத்தார்கள். நான் கன்னட மீடியத்தில் எட்டாவதோடு நின்றவள். தமிழ் எழுதக் கற்றதே அந்த ஹாலில், கேரம் காய்கள் அடிபடும் சத்தத்துக்கு நடுவில்தான். இப்போதும் என் தப்பையெல்லாம் பத்திரிகையில் யாரோ புண்ணியவான் திருத்துகிறார்.

பிரபுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாராவது வீடு பார்க்கப் போனால் கூடப் போவான். வாடகைக்கு வருகிறவர்கள் ஓனர் முன்னால் வாயைத் திறக்க மாட்டார்கள் இல்லையா? இவன் திறப்பான். காவேரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா சார்? கறி சமைச்சா மூக்கைப் பொத்துவீங்களா மேடம்? ஊர்ல இருந்து ஆளுங்க வந்து தங்கினா தண்ணி மோட்டாரை ஆஃப் பண்ணிடுவீங்களா? சிரித்துக்கொண்டே கேட்பான். ஓனரும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார். வீடு அமைந்தால் அவன் டெம்போவிலேயே சாமான் ஏறும்.

ஒரே ஒரு கேள்வியைத்தான் அவன் எந்த ஓனரிடமும் கேட்டதில்லை.

யார்தான் கேட்பார்கள்? புது வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது — எங்களில் ஒருத்தர் செத்துப்போனால் உள்ளே வைக்க விடுவீர்களா என்று?

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். அந்த வீட்டில் குழந்தை பெறலாம். பேர் வைக்கலாம். வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றலாம். சாவுக்கு மட்டும் தெரு. அப்புறம் அடுத்த ஆள் குடிவர மாட்டான் என்பார்கள். எல்லா ஓனரும் அப்படி இல்லை... இருக்கிறவர்கள் போதும்.

எங்கள் அம்மாவுக்கு மட்டும் இது தெரியவில்லை. நாங்கள் லீஸுக்கு இருக்கிறவர்கள். மாசாமாசம் வாடகைக்கு ஓனர் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்பதால் லீஸ்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. அம்மா ‘எங்க வீடு’ என்றுதான் சொல்வாள். பிரபு போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து ஃபோன் பண்ணினாள். அழவில்லை. “கட்டிலை மடக்கி வெச்சுட்டு நல்லா பெருக்கி வை வனி. பிரபு வர்றான்” என்றாள்.

நான் பெருக்கினேன். துடைத்தேன். டிவியைத் திருப்பி வைத்தேன். ஊதுபத்திக்கு ஒரு டம்ளரில் அரிசி போட்டு வைத்தேன்.

மாடியில் இருந்து ஓனர் ஆன்ட்டி இறங்கி வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பண்டிகை என்றால் மேலே இருந்து புளியோகரே சாதம் வரும். பிரபுதான் அவர் கேஸ் சிலிண்டரை மேலே தூக்கிக் கொடுப்பான். அவரும் அழுதுகொண்டேதான் வந்தார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

“வனிதா, தப்பா நெனைக்காதேம்மா. பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு. கீழ சாவு வெச்சாங்கன்னு தெரிஞ்சா சம்பந்தி வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. தெருவுல வெச்சுக்கோங்க. ஷாமியானா நானே போடச் சொல்றேன்.”

பெருக்கிய வீட்டைப் பார்த்தேன். 

பிரபு தெருவில் இருந்தான். எதிர் இஸ்திரிக் கடையில் இருந்து ஐஸ் பெட்டிக்கு வயர் இழுத்தோம். மழை பிடித்தது. தண்ணீர் ஏறியதும் ஷாக் அடிக்கும் என்று வயரைப் பிடுங்கிவிட்டார்கள். ஷாமியானா ஒரு பக்கம் தொங்கிப் போய் அவன் கால் பக்கம் ஒழுகியது. சலீம் ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன், எடுக்கிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

நடுவில் தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்தது. சின்னத் தெரு. லாரி என்ன செய்யும்? நாலு பேர் சேர்ந்து பிரபுவைப் பெட்டியோடு தூக்கி ஓரமாக வைத்தார்கள். லாரி போனதும் திரும்ப நடுவில் வைத்தார்கள்.

ஊர் வீட்டையெல்லாம் ஷிஃப்ட் பண்ணினவன். கடைசியில் அவனையே ஷிஃப்ட் பண்ணினோம்.

எங்கள் தெருவில் இருந்து நடந்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் சென்டர் வந்துவிடும். அன்றைக்கு அது பூட்டிக் கிடந்தது. ஃபேன் இருக்கிறது, கரன்ட் இருக்கிறது, மேலே கான்கிரீட் இருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. ஃபிலோ அக்காவுக்குத் தோன்றவில்லை. சலீமுக்குத் தோன்றவில்லை. ஒருத்தருக்கு இடம் இல்லை என்றால் உடனே ஒரு இடத்தை யோசிக்கிறவன் எங்களில் ஒருவன்தான்... அவன் பெட்டிக்குள் இருந்தான்.

அதனால் சனிக்கிழமை சலீம் வந்து நின்றதும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். பொறாமை வந்தது. செத்துப்போன ஒரு மனுஷன் மேல் பொறாமை. என் பிரபுவுக்குக் கிடைக்காத கூரை இவருக்கு எதற்கு என்று வாய் வரைக்கும் வந்தது.

“இப்ப மட்டும் எப்படித் தோணுச்சு உனக்கு?” என்று கேட்டேன்.

சலீம் தரையைப் பார்த்தான். “அன்னிக்குத் தார்ப்பாயைப் புடிச்சுட்டு நிக்கும்போதே தோணுச்சு வனி. அப்புறம் தெனம் தோணுது.”

அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

“அவன்கிட்ட ஏன் குடுக்கறே?” என்றாள் அம்மா. “பிரபு யார்கிட்டயாவது சாவியைக் குடுத்து நீ பாத்திருக்கியா? நீயே போய்த் திற.”

போனேன். ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. அது எப்போதும் மாட்டும் — பிரபு இடது காலால் ஒரு உதை விடுவான். நானும் விட்டேன். ஏறிவிட்டது.

ஹால் நடுவில் கேரம் போர்டு. மேலே பவுடர். மூலையில் ஒரு கர்ச்சீப் முடிச்சு.

“அவன் ஸ்ட்ரைக்கர்” என்றான் சலீம். “யாரும் தொடலை. நாங்க வேற வாங்கிட்டோம்.”

ஃபிலோ அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“வனிதா, இதுவும் வாடகை இடந்தான், ஞாபகம் இருக்கா? ராஜண்ணாவைக் கேட்டீங்களா?”

ராஜண்ணா பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர். ஹாலும் அவருடையதுதான். அன்றைக்கு இன்னும் கடை திறக்கவில்லை.

“வந்து கேட்டா கேக்கட்டும்க்கா” என்றான் சலீம்.

“கேக்கட்டுமா? அவரு ஷட்டரை இழுத்து மூடிட்டா இத்தனை பசங்களுக்கு உன் ஆட்டோல வெச்சா டியூஷன் எடுப்பே?”

 அக்கா சொன்னதில் தப்பில்லை. அந்த ஹால் போனால் மறுபடி ஒரு ஹால் சுலபத்தில் கிடைக்காது. சாயங்காலம் பசங்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரு முனையில் வண்டி திரும்புவது தெரிந்தது.

“அப்ப தெருவுல வெக்கலாமாக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.  ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.

“போர்டை அந்தப் பக்கம் எடுங்க. ப்ளக் பாயின்ட் இங்கதான் இருக்கு.”

சாந்தி அக்கா அல்சூர் மார்க்கெட்டில் பூ கட்டுகிறவர். வண்டியில் இருந்து இறங்கியவர் ரோட்டிலேயே உட்காரப் போனார்.

“உள்ள வாங்கக்கா” என்றேன்.

“உள்ளயா? யாரு இடம்? அப்புறம் யாராச்சும் வந்து எடுன்னா நான் எங்கடி போவேன் அவரைத் தூக்கிட்டு?”

“யாரும் எடுன்னு சொல்ல மாட்டாங்க. வாங்க, ஃபேன் இருக்கு.”

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. அவர் உள்ளே வந்து பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் முதுகைச் சாய்த்தார். அப்புறம்தான் அழ ஆரம்பித்தார்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. அழுவதற்கு முதுகுக்கு ஒரு சுவர் வேண்டும். எங்கள் அம்மா தெருவில் பிளாஸ்டிக் சேரின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. ஏன் இவள் அழவில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

ராஜண்ணா வந்தார். சாவு மேளச் சத்தம் கேட்டுத்தான் வந்திருப்பார். வாசலில் நின்று ஐஸ் பெட்டியைப் பார்த்தார், ஃபிலோ அக்காவைப் பார்த்தார்.

“ஏனம்மா இது? நன்ன ஒந்து மாத்து கேளபாரதித்தா?”

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்கிறார். மேளம் நின்றுவிட்டது. சாந்தி அக்கா சட்டென்று எழுந்து பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க ராஜண்ணா?” என்றார் ஃபிலோ அக்கா.

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“பேடா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.” பிறகு மெதுவாக, “நல்லதாப் போச்சு. கேக்கலை” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டார். போகும்போது மேலே பார்த்தார். “அந்த ட்யூப்லைட் ஏன் கண்ணடிக்குது? பெரிய மனுஷன் படுத்திருக்கார்” என்று சொல்லிவிட்டுத் தன் கடையைத் திறந்து புது ட்யூப்பை எடுத்து வந்து கொடுத்தார். கிளம்பும்போது, “நாளைக்குக் கழுவி ஒரு பூஜை போட்டுடுங்க. இன்னொரு தடவை...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. இன்னொரு தடவை கூடாது என்பதா, கேட்டுவிட்டுச் செய் என்பதா? நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதன் லாபம் அப்போதுதானே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலைக் கழுவினோம். அம்மாவும் வந்தாள். தரை காய்ந்ததும் சாந்தி அக்கா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்தாள். ப்ளக் பாயின்ட்டைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், நடுவில் இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தாள்.

“இங்க வெச்சிருக்கலாம்ல அவனை?” என்றாள்.

சலீம் ஹாலை விட்டு வெளியே போய்விட்டான். ஃபிலோ அக்கா விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா அழுதாள். அவன் போன அன்றைக்கு அழ வேண்டியதை, அந்த ஞாயிற்றுக்கிழமை அழுதாள்.

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. இனி வீடு பார்க்கிறவர்களோடு நான் போகப் போகிறேன். தண்ணி, கறி, மோட்டார் எல்லாம் கேட்டுவிட்டு, அந்தக் கடைசிக் கேள்வியையும் கேட்கப் போகிறேன். பாதி ஓனர்கள் கதவைச் சாத்துவார்கள். சாத்தட்டும்... இப்போதே தெரிந்துவிடுவது நல்லதுதானே?

இதை எழுதும்போது மேல்மாடியில் ஆன்ட்டி நடக்கும் சத்தம் கேட்கிறது. அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சிலிண்டர் வந்தால் இப்போது யார் தூக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பிரபு இருந்திருந்தால், இவ்வளவுக்கும் பிறகு, அவன்தான் தூக்கியிருப்பான். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரபுவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அம்மா மாரியம்மனிடம் சொல்லிவிட்டாள். ஃபிலோ அக்கா சர்ச்சில் சொல்லிவிட்டார். சலீம் வெள்ளிக்கிழமை தொழுகையில் கேட்டுவிட்டான். மிச்சம் இருக்கிற சாமிகள் உங்கள் பொறுப்பு.

அவன் போயிருக்கிற இடத்திலும் ஓனர் மேல்மாடியில்தான் இருக்கிறாராம் — என் அண்ணனை வாசலிலேயே நிறுத்திவிடாமல், உள்ளே விடச் சொல்லி எல்லோரும் கேளுங்கள்.