கியர் போன இடத்தில் எண்ணெய்க் குப்பி

இன்று காலை ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். என் சொந்தச் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே காப்பியடித்தவனாக நின்றேன்.

என்னுடையது பழைய ரேஸ் சைக்கிள். கியரை எப்போதோ கழற்றியாயிற்று. கியர் லிவர் மாட்டும் இரண்டு திருகு முளைகள் மட்டும் சைக்கிள் சட்டத்தின் சாய்வுக் குழாயில் இருபுறமும் சும்மா நீட்டிக்கொண்டிருந்தன. லேத் பட்டறையில் சொல்லி, அவற்றில் மாட்ட அளவாக இரண்டு பிடி கடைந்து வாங்கினேன். ஒன்றில் மணி, மற்றதில் அருவிக்குக் கொண்டுபோகும் நல்லெண்ணெய்க் குப்பி. புளியறை வரை மிதித்துப் பார்த்தேன், குப்பி அசையவில்லை.

நண்பன் ஜெபாவிடமும் அதே மாதிரி சைக்கிள் இருக்கிறது. அவனிடம் மட்டும்தான் காட்டினேன்.

"ஏலே, எப்படிலே யோசிச்ச? ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்றான்.

இன்று அருவிக்கரையில் ஈரத்துண்டோடு ஒருவர் குனிந்து என் சைக்கிளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் ஜெபா வீடியோவப் பாத்துதான் செஞ்சியளா? அவரு செஞ்சது இன்னும் நல்லாருக்கு."

அங்கேயே போனை எடுத்து வீடியோவைத் தேடினேன். ஜெபா தன் சைக்கிளில் குப்பியைத் தட்டிக் காட்டுகிறான். "ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுன ஐடியா, மக்களே!"

அதையும் பொறுத்திருப்பேன். கீழே முதல் கமெண்ட் என் மனைவியுடையது.

"சூப்பர் அண்ணே! எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

முதலில் யாரிடம் சண்டைக்குப் போவது, நீங்களே சொல்லுங்கள். நான் மாட்டிய அந்த மணியில்தான் அவள் தினமும் கரித்துணி காயப்போடுகிறாள்.